வளைந்த கூரைகளின் கதை: சங்கிலியிலிருந்து கணிப்பொறி வரை

ஒரு மெல்லிய சங்கிலியின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். நடுவில் தாழ்ந்து ஓர் அழகிய வளைவு தோன்றும். அந்த வளைவை வரைந்தது புவியின் ஈர்ப்பு விசை. கைகளை நெருக்கினால் வளைவு ஆழமாகும், விலக்கினால் தட்டையாகும். எந்த நிலையிலும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டிருக்கும். அதில் இழுவிசையைத் தவிர வேறு விசை கிடையாது.

இந்தச் சாதாரணச் சங்கிலிக்கும், இன்று கணிப்பொறித் திரையில் வரையப்படும் வளைந்த கிராதிக் கூரைகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவின் கதையை இங்கே காண்போம்.

தலைகீழ்ச் சங்கிலி

சுருள்வில் விதியின் மூலம் நீங்கள் அறிந்த ராபர்ட் ஹூக், 1675-ஆம் ஆண்டில் தம் நூல் ஒன்றின் இறுதியில் எழுத்துகளைக் கலைத்து ஒரு புதிரை அச்சிட்டார். 1703-இல் அவர் மறைந்தார். புதிரின் விடை 1705-இல் வெளியாயிற்று. அதன் கருத்து மிக எளியது: தொங்கும் சங்கிலியின் வளைவைத் தலைகீழாகத் திருப்பினால், அதுவே நிலைத்து நிற்கும் வளைவின் வடிவம்.

ஏன்? தலைகீழாக்கும்போது இழுவிசை எல்லாம் அமுக்கவிசையாக மாறுகிறது. அளவு மட்டும் மாறுவதில்லை. கல்லும் செங்கல்லும் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவையில் எளிதில் பிளந்துவிடும். ஆகவே சங்கிலி காட்டும் வடிவில் கட்டிய கல் வளைவு தன் சொந்தப் பாரத்தால் பிளப்பதில்லை. இந்த வளைவு பரவளையம் போலத் தோன்றினாலும் பரவளையம் அன்று. அதன் சரியான சமன்பாட்டை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் கண்டனர்.

ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி இம்முறையை ஒரு முழுக் கட்டடத்திற்கே பயன்படுத்தினார். பார்சிலோனா அருகே ஒரு தேவாலயத்திற்காக நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டினார். பிறகு அதைப் படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்! ஒரு நூலை மாற்றினால் மற்ற எல்லா நூல்களும் அசைந்து தம் இடத்தைத் தாமே திருத்திக்கொள்ளும். நூல்களையே ஒரு கணிப்பொறி எனலாம். ஆனால் தேவாலயத்தின் அடித்தளப் பகுதி மட்டுமே கட்டி முடிக்கப்பட்டது.

மான்ஹைம் கூரை

அடுத்த பெரிய அடி ஜெர்மனியில் வைக்கப்பட்டது. 1975-ஆம் ஆண்டு மான்ஹைம் நகரில் நடந்த தோட்டக் கண்காட்சிக்கென ஒரு பெரிய மண்டபம் தேவைப்பட்டது. அதன் வடிவத்தைக் காண ஃப்ரெய் ஓட்டோ சிறு கண்ணிகளாலான ஒரு வலையைத் தொங்கவிட்டார். அம்மாதிரியின் அளவு ஏறத்தாழ 1:100.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. மாதிரியை அளப்பதில் 1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், கட்டடத்தில் அது ஏறத்தாழ 10 செ.மீ. பிழையாகிவிடும். எனவே மாதிரியை இரு கோணங்களில் படமெடுத்து அளந்தபின், கிளாஸ் லிங்க்விட்ஸ் குழுவினர் அந்த அளவுகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்தனர். வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் விசைகள் சமநிலையில் இருக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு கண்ணியிலும் விசைக்கும் நீளத்திற்கும் உள்ள விகிதத்தை முன்னதாகவே நிர்ணயித்துக்கொண்டால், அச்சமன்பாடுகள் எல்லாம் எளிய நேரியல் சமன்பாடுகளாகிவிடும். கணிப்பொறி அவற்றைத் தீர்த்து, முடிச்சுகளின் சரியான இடங்களைத் தந்தது.

கூரையை அமைத்த விதம் இன்னும் சுவையானது. 5 செ.மீ. கனச் சதுர மரச் சட்டங்களை 50 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் தரையில் பரப்பி, சந்திப்புகளில் திருகாணி போட்டனர். பிறகு கீழிருந்து மெல்ல உயர்த்தினர். கடைகளில் இழுத்து மூடும் கம்பிக் கதவைப் பார்த்திருப்பீர்கள். அதன் கட்டங்கள் சாய்வது போல, இங்கும் சதுரங்கள் சாய்சதுரங்களாக மாறி, தட்டையான கிராதி குவிமாடமாக எழுந்தது. அதன் பிறகே திருகாணிகளை இறுக்கினர்.

ஆயினும் சங்கிலி சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இழுக்கப்படும் சங்கிலி ஒருநாளும் மடங்காது. அமுக்கப்படும் மெல்லிய சட்டமோ திடீரென மடங்கிவிடக்கூடும். ஒரு காகிதக் கீற்றை நிமிர்த்தி, மேலிருந்து அழுத்திப் பாருங்கள், புரியும். பனியும் காற்றும் தாக்கும்போது கூரை மடங்காதா? பொறியாளர்கள் கணக்கிட்டனர், அத்துடன் நிற்காமல், குப்பைத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக் கூரையிலிருந்து தொங்கவிட்டுச் சோதித்தனர். கூரை தாழ்ந்த அளவு கணக்குடன் நன்கு ஒத்திருந்தது. தற்காலிகமாக எழுப்பிய அந்த மண்டபம் பின்னர் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

திரையில் பிறந்த வடிவம்

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிட்ரோயன் நிறுவனத்தில் தெ காஸ்தெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பெசியேவும் கார்களின் உடல் வளைவுகளைச் சில புள்ளிகளால் குறிக்கும் கணித முறைகளைத் தனித்தனியே கண்டனர். அவற்றின் வழியில் வந்த வரைவு மென்பொருள்கள் எந்த வளைபரப்பையும் திரையில் வரைய உதவின.

வரைந்த பரப்பைத் தட்டையான பலகைகளால் எப்படிக் கட்டுவது? கண்ணாடிப் புட்டிகள் வரும் பெட்டியின் உள்ளே உள்ள அட்டைத் தடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை அட்டைகளில் மேலிருந்து பாதி வரை வெட்டு. மறு வரிசையில் கீழிருந்து பாதி வரை வெட்டு. இரண்டையும் கோத்தால் கட்டம் கட்டமான உறுதியான அமைப்புக் கிடைக்கும். வாஃபிள் என்னும் மேலைநாட்டுத் தின்பண்டத்தில் இத்தகைய கட்டங்கள் இருப்பதால் இதற்கு வாஃபிள் அமைப்பு என்று பெயர். மென்பொருள் வளைபரப்பை இரு திசைகளில் இணைதளங்களால் வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு பலகையின் விளிம்பாகிறது. பலகைகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் பலகையின் கனத்திற்கு ஏற்ற பள்ளங்களை அமைத்து, துண்டுகளுக்கு எண்ணிட்டு, வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புகிறது.

இதன் மாபெரும் எடுத்துக்காட்டு, ஸ்பெயினின் செவில் நகரில் 2011-இல் திறக்கப்பட்ட மெட்ரோபோல் பராசோல். யூர்கன் மேயர் வடிவமைத்தது. சுமார் 150 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்டது. 1.5 மீட்டர் கட்டங்களில் சுமார் 3,400 மரத் துண்டுகள். ஊர் மக்கள் அதைக் ‘காளான்கள்’ என்று அழைக்கிறார்கள்.

ஆனால் இந்த வடிவம் சங்கிலியைக் கேட்டுப் பிறந்ததன்று. ஆகவே பலகைகள் வளைக்கும் விசையையும் தாங்க வேண்டியிருந்தது. பலகையின் ஆழம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மையே. ஆனால் ஆழம் கூடினால் எடை கூடும். எடை கூடினால் விசை கூடும். விசை கூடினால் மீண்டும் ஆழம் கூட வேண்டும்! இந்தச் சுழலைக் கணிப்பொறி மீண்டும் மீண்டும் கணக்கிட்டே முடிவுக்குக் கொண்டுவந்தது. பணி நடந்துகொண்டிருந்த 2007-இலேயே, முதல் திட்டப்படி கட்ட இயலாது எனப் பொறியாளர்கள் நகராட்சிக்குத் தெரிவிக்க நேர்ந்தது. செவிலின் கோடை வெயிலில் இணைப்புகளின் பசை இளகும் ஆபத்தும் இருந்தது. தயாரிப்பின்போதே சூடேற்றிப் பதப்படுத்தும் முறையால் அதைத் தீர்த்தனர். காலமும் செலவும் கூடின.

மான்ஹைமில் முதலில் ஈர்ப்பு விசையைக் கேட்டார்கள், பிறகு கணக்கிட்டார்கள். செவிலில் முதலில் வரைந்தார்கள். ஈர்ப்பு விசைக்குப் பிறகு பதில் சொன்னார்கள். இரண்டு கூரைகளும் நிற்கின்றன. ஆனால் முன்னதற்கு 5 செ.மீ. சட்டங்கள் போதுமாயின, பின்னதற்குச் சில இடங்களில் ஏறத்தாழ 3 மீட்டர் ஆழமுள்ள பலகைகள் வேண்டியிருந்தன. வடிவத்தில் பெற்ற சுதந்திரத்திற்கு மரத்தால் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்று இவ்விரு வழிகளும் ஒன்று சேர்ந்து வருகின்றன. டேனியல் பைக்கர் உருவாக்கிய ‘கங்காரு’ போன்ற மென்பொருள்கள் திரையிலேயே சங்கிலி வலையைத் தொங்கவிடுகின்றன. ஒரு புள்ளியை நகர்த்தினால், கௌடியின் நூல்களைப் போலவே, வலை முழுவதும் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

உங்களிடம் கணிப்பொறி இல்லாவிட்டாலும் குறையில்லை. சுவரில் ஒட்டிய தாளின் முன் சங்கிலியைத் தொங்கவிட்டு, அதன் வளைவை வரைந்து, தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். பழைய அட்டைகளில் பாதி வெட்டுகள் போட்டு, அவ்வடிவில் ஒரு சிறு கூரையைக் கோத்துப் பாருங்கள். அதன் மேல் ஒவ்வொரு புத்தகமாக அடுக்குங்கள். வேறொரு வடிவத்தில் செய்த கூரையுடன் அதை ஒப்பிட்டால், ஹூக் புதிராக மறைத்து வைத்த உண்மை உங்களுக்கே விளங்கும்.