தீப்பொறி இல்லாத இயந்திரம்

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சிலிண்டருக்குள் இறுக அமுக்கினால் அது சுடும்; அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றும். றுடோல்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்ற எண்ணம் இவ்வளவுதான். 1897 பெப்ரவரியில் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் பேராசிரியர் மோறிட்ஸ் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26 வீதத்துக்குச் சற்று மேல் வேலையாக மாறியது. அன்றைய வயல் நீராவி இயந்திரங்கள் கிட்டவும் வர முடியாத எண் அது.

ஆனால் இரும்பு குளிர்ந்து கிடந்தால் கதை வேறு. அமுக்கிப் பெற்ற சூட்டைச் சிலிண்டரின் சுவரே குடித்துவிடும். எண்ணெய் பற்றாமல் வெண்புகையாகப் போகும். வீட்டு முன்றலில் பனி தள்ளுவதற்குச் சிறியதொரு டீசல் உழவு இயந்திரம் வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் புகை பழக்கம். சனவரிக் காலையில் அது எழும்ப மறுக்கும்போது நாம் முட்டி நிற்பது, உழவு இயந்திரக்காரர்கள் நூறு வருடங்களாக முட்டிக்கொண்டிருக்கும் கேள்வியில்தான்: இல்லாத சூட்டை எங்கிருந்து கடன் வாங்குவது?

முதல் கடன் வெளியிலிருந்து வந்தது. டீசலுக்கு முன்பே, 1890இல், ஹேர்பேர்ட் அக்றொய்ட் ஸ்ருவேட் என்ற ஆங்கிலேயர் சிலிண்டரின் தலையில் ஓர் இரும்புக் குமிழை வைத்து, அதை வெளியே விளக்கால் சூடாக்கி, எண்ணெயை அதற்குள் பீச்சும் முறையைக் கண்டிருந்தார். அமுக்கம் குறைவு; சூட்டைக் குமிழ் தரும். ஓடத் தொடங்கியபின் எரிதலே குமிழைச் சூடாக வைத்திருக்கும். இந்த முறையை வயலில் பெரும் புகழுக்குக் கொண்டுவந்தது மன்ஹைம் நகரின் லான்ஸ் தொழிற்சாலை. ஃபிறிற்ஸ் ஹூபர் வடிவமைத்த அவர்களுடைய ‘புல்டொக்’ 1921இல் வந்தது. ஒற்றைச் சிலிண்டர், 12 குதிரைவலு. 1960 வரை பல மாதிரிகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

புல்டொக்கை எழுப்புவது ஒரு சடங்கு. பிறைமஸ் அடுப்புப் போலச் சீறும் ஊதுவிளக்கைக் குமிழுக்குக் கீழே வைத்துக் காத்திருக்க வேண்டும். குமிழ் நன்றாகச் சூடேறியபின், ஸ்ரேறிங் வளையத்தை அதன் தண்டோடு பிடுங்கிப் பக்கவாட்டிலுள்ள பறப்புச் சக்கரத்தில் செருகி, முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு மூச்சில் தள்ளிவிட வேண்டும். அது இரண்டு திசையிலும் ஓடக்கூடிய இயந்திரம். தவறான பக்கம் பற்றிக்கொண்டால் முன் கியரில் போட்டும் பின்னால் போகும். சிரிப்பான விசயம், வேலிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அல்ல. ஆனாலும் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சூடு போதுமா என்பதை ஓட்டுபவர் தன் கண்ணால், தீக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் மார்ஷல் நிறுவனம் 1945 முதல் செய்த ‘ஃபீல்ட் மார்ஷல்’ இன்னும் வேடிக்கையானது. வெடியுப்பில் ஊறிய தாளைச் சுருட்டி, கங்கு பிடிக்க வைத்து, சிலிண்டர்த் தலையில் திருகிவிடுவார்கள். பிறகு கையால் சுற்றலாம். சுற்ற முடியாத குளிரென்றால் துவக்குத் தோட்டா போன்ற ஒன்றைச் செருகி, சுத்தியலால் தட்டி வெடிக்க வைக்கலாம். அந்த வெடிப்பு பிஸ்டனைத் தள்ள, இயந்திரம் எழும்பும். இதே மார்ஷல் நிறுவனம்தான் ஜக்சன் வடிவமைத்த தேயிலை அரைக்கும் இயந்திரங்களையும் செய்தது. மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் சிலருக்கு அந்த இரும்பில் வார்த்த பெயர் நினைவிருக்கலாம்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் கடன் வாங்கினார்கள். கற்றபில்லர் 1931இல் விற்கத் தொடங்கிய டீசல் சங்கிலி உழவு இயந்திரத்தில், பெரியதை எழுப்பவென்றே ஒரு சிறிய பெற்றோல் இயந்திரம் ஏறியிருந்தது. இன்டர்நாஷனல் ஹார்வெஸ்டர் 1930களின் நடுவில் கொண்டுவந்த இயந்திரமோ பெற்றோலிலும் தீப்பொறியிலும் தொடங்கி, சூடேறியதும் டீசலுக்கு மாறியது. ஒன்றில் எழுப்பி மற்றொன்றில் ஓட்டுவது. 1990களில் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி, உதைத்து எழுப்பி, மிச்சப் பயணத்தை மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டர் சைக்கிள்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. அவை டீசல் அல்லதான். ஆனால் கையிலுள்ள எண்ணெய் குளிர்ந்த இரும்பில் பற்றாது என்பதை அறிந்து, பற்றும் எண்ணெயைத் துளித்துளியாகச் சேமித்த மூளை ஒன்றேதான்.

இன்று நம் முன்றலில் நிற்கும் சிறிய இயந்திரத்தின் வம்சம் இன்னொரு கிளை. பென்ஸ் நிறுவனத்தில் புறொஸ்பர் லொறாஞ்ச் 1909இல் காப்புரிமை பெற்ற முன்னறை: எண்ணெயை முதலில் ஒரு சின்ன அறைக்குள் பீச்சி, பற்றவைத்து, அங்கிருந்து சிலிண்டருக்குள் தள்ளுவது. உயர்ந்த அழுத்தக் காற்றால் எண்ணெயை ஊதவேண்டிய பெரும் கருவி இல்லாமல் போனது. டீசல் சிறியதாகலாம் என்றானது. ஜப்பானில் யமஓகா மகோகிச்சி 1933இல் யன்மார் பெயரில் சிறிய டீசல் இயந்திரத்தைச் செய்து காட்டினார். 1969இல் குபோட்டாவின் 21 குதிரைவலு உழவு இயந்திரம் அமெரிக்காவில் இறங்கியது. பெரிய பண்ணைகளின் நாட்டில் சிறிய இயந்திரத்துக்கு இடமிருந்ததை அமெரிக்க நிறுவனங்கள் பிந்தித்தான் கண்டன.

சிறுமைக்கு ஒரு விலை உண்டு. சின்ன அறைக்குச் சுவர்ப் பரப்பு அதிகம். சூட்டை இன்னும் வேகமாகக் குடிக்கும். அதற்குத்தான் ஒவ்வொரு அறைக்குள்ளும் பென்சிலளவில் ஒரு குளோ பிளக். பற்றரி மின்னில் சிவக்கும் அது, லான்ஸ்காரரின் ஊதுவிளக்கு உள்ளே குடிபோன வடிவம்.

பழைய ஜப்பானிய இயந்திரங்கள் சிலவற்றில் ஓட்டுநரின் முன் தட்டில் ஒரு சிறு கம்பிச்சுருள் இருக்கும். பிளக்குகளுக்குப் போகும் மின்னே அதற்குள்ளாலும் போகும். அது சிவந்தால் உள்ளேயும் சிவக்கிறது. ஒரு பிளக் செத்தால் அதுவும் மங்கும். பின்னர் வந்த பல இயந்திரங்களில் அந்த இடத்தை ஒரு மஞ்சள் விளக்கு பிடித்துக்கொண்டது. குறித்த விநாடிகள் கடந்ததும் அது அணையும். மூன்று பிளக்கும் செத்திருந்தாலும் அதே நேரத்தில், அதே அமைதியோடு அணையும். அழகான விளக்கு, நேரத்தை மட்டுமே சொல்கிறது. இது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நம்பி, பிளக்கைப் பார்க்காமலே எண்ணெய்ப் பம்பைக் கழற்றிப் பணத்தைக் கொட்டியவர்கள் நம்மிடையே உண்டு.

ஆகவே பழைய ஆட்கள் பார்த்த ஒழுங்கில்தான் பார்க்க வேண்டும். முதலில் சுற்றும் வேகம். மெதுவாகச் சுற்றினால் அமுக்கத்தின் சூடு சுவருக்குப் போக நேரம் கிடைத்துவிடும். மறை 18 பாகையில் பற்றரியின் வலு ஏறத்தாழப் பாதி. தடித்த என்ஜின் எண்ணெய் மிச்சத்தை விழுங்கும். பச்சை பூத்த கேபிள் முனைகளைச் சொல்லவே வேண்டாம். வேகமாகச் சுற்றியும் புகையே இல்லையென்றால் எண்ணெய் வரவில்லை: கோடைகாலத்து டீசல் தொட்டியில் கிடந்து மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்திருக்கலாம், எண்ணெயை நிறுத்தும் சொலனோயிட் திறக்காமல் இருக்கலாம். வெண்புகை வந்தால் எண்ணெய் வருகிறது, சூடுதான் இல்லை. அப்போது பிளக்.

ஈதர்ப் புட்டியைத் தூக்க வேண்டாம். சிவந்த பிளக்கில் அது பட்டால் பிஸ்டன் ஏறி வரும்போதே வெடிக்கும், வளையங்கள் உடையும். ‘ஈதருக்குப் பழகிவிட்டது’ என்று சொல்லப்படும் இயந்திரத்தில் பெரும்பாலும் அமுக்கமே தேய்ந்திருக்கும், அல்லது பிளக்குகள் செத்திருக்கும்.

பிளக்கைப் பார்க்க ஒரு சோதனை விளக்குப் போதும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதைப் பிளக்கின் தலையிலும் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எரியாத இடத்தில் பிளக் இல்லை என்று அர்த்தம். எல்லாவற்றிலும் எரிந்தால், சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்தத் தகட்டுக்கு மின் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ். மூன்றில் ஒன்று மட்டும் செத்திருந்தால் இயந்திரம் எழும்பும், ஆனால் நொண்டும். ஒரு நிமிடம் குலுங்கி, வெண்புகை தள்ளி, மற்ற இரண்டின் சூடு இரும்பு வழியே மூன்றாவதை எட்டியதும் சீராகும்.