5 வெற்றி, 19 தோல்வி: தகுதியின் இரண்டு கணக்குகள்

'தகுதி, திறமை' என்ற இரண்டு சொற்களைக் கேட்காமல் நம்மில் யாரும் கல்லூரிப் படிப்பை முடித்திருக்க மாட்டோம். அதே இரண்டு சொற்கள் வேறொரு நாட்டில், ஒரு விளையாட்டுக் களத்தில், என்ன வேலை செய்தன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்த வரலாறு இது.

முதலில் ஒரு விளக்கம். நாம் ஆடும் கால்பந்து அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எறிந்து, மோதித் தடுக்கும் ஆட்டம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இலையுதிர்காலச் சனிக்கிழமை என்றால் அதுதான். எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே நிற்கின்றன. தலைமைப் பயிற்சியாளர் பல மாநிலங்களில் ஆளுநரைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குகிறார். 2007இல் அலபாமா பல்கலைக்கழகம் நிக் சபான் என்பவரை 8 ஆண்டுகளுக்கு 3.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. ஆடும் மாணவர்களுக்கு அப்போது கிடைத்தது படிப்புக்கான உதவித்தொகை மட்டும். அந்த மாணவர்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவர்.

ஆகவே அந்த நாற்காலி காலியானால் மாநிலமே பேசும். தேநீர்க்கடையில் நாம் தேர்தல் பேசுவதைப்போல், முடிதிருத்தும் கடையிலும் தேவாலய வாசலிலும் வானொலியின் தொலைபேசி நிகழ்ச்சிகளிலும் யார் வரவேண்டும் என்று ரசிகர்கள் வாதிடுவார்கள். அப்படி ஒரு வாதம் 2003 மே மாதம் அலபாமாவில் நடந்தது.

டஸ்கலூசாவில் பிறந்த பிள்ளை

புதிதாக நியமிக்கப்பட்டிருந்த பயிற்சியாளர் ஓர் ஆட்டத்துக்குக்கூட அணியை இறக்குவதற்கு முன்பே, நடத்தைப் புகாரில் நீக்கப்பட்டார். அவசரமாக ஆள் தேட வேண்டியிருந்தது. பரிசீலனையில் இருந்தவர்களில் இருவரைப் பற்றித்தான் பேச்சு பலமாக இருந்தது. ஒருவர் மைக் ஷூலா, வயது 37, வெள்ளையர். மற்றவர் சில்வெஸ்டர் குரூம், வயது 48, கறுப்பினத்தவர்.

குரூம் பிறந்ததே பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரில்தான். 1963 ஜூன் 11 அன்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் சேர வந்தபோது, ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அன்று குரூமுக்கு எட்டு வயது. கால்பந்து அணி திறக்க இன்னும் ஏழாண்டுகள் ஆயின. உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரர் வில்பர் ஜாக்சன் 1970இல்தான் வந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில், கறுப்பின வீரர்கள் நிறைந்த தெற்கு கலிபோர்னியா அணி அலபாமாவை 42-21 என்று வீழ்த்தியது. அந்தத் தோல்விதான் வெள்ளை ரசிகர்களின் மனதை மாற்றிக் கதவைத் திறந்தது என்று இன்றும் கதை சொல்வார்கள். ஆனால் அந்த ஆட்டத்துக்கு முன்பே ஜாக்சன் அணியில் சேர்க்கப்பட்டுவிட்டார். கதவைத் தட்டியவர்களை மறந்துவிட்டு, திறந்தவரின் பெருந்தன்மையைப் பாடும் கதைகள் நமக்கும் புதிதல்லவே.

அந்தக் கதவு வழியாக உள்ளே போன முதல் சிலரில் குரூமும் ஒருவர். 'கரடி' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட பால் பிரையன்ட்டின் அணியில் ஆடினார். 1973இல் தேசியப் பட்டம் பெற்ற அணியில் இருந்தார். 1974இல் நாட்டின் சிறந்த வீரர்களில் ஒருவராகத் தேர்வானார். பிறகு அங்கேயே பத்தாண்டுகளுக்கும் குறையாமல் துணைப் பயிற்சியாளர். அதன் பிறகு தொழில்முறை அணிகளில் 2003 வரை பயிற்சியாளர். டெட்ராய்ட் அணியின் தாக்குதல் ஆட்டம் முழுவதற்கும் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்தார்.

ஷூலாவும் அலபாமாவின் முன்னாள் வீரர்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் ஆடியவர். தொழில்முறை அணிகளில் அவருக்கும் அனுபவம் உண்டு. அப்பா டான் ஷூலா தொழில்முறைக் கால்பந்தில் மிக அதிக ஆட்டங்களை வென்ற பயிற்சியாளர். தகுதி இல்லாதவர் என்று ஷூலாவைச் சொல்ல முடியாது. கேள்வி அதுவல்ல. "நம் குடும்பத்து ஆள் வேண்டும், பிரையன்ட்டின் பள்ளியில் படித்தவர் வேண்டும், அனுபவம் வேண்டும்" என்பவைதான் அலபாமா ரசிகர்கள் பல காலமாகச் சொல்லிவந்த அளவுகோல்கள். இந்த மூன்றிலும் குரூம் பின்தங்கவில்லை. பிரையன்ட்டிடம் நேரடியாக ஆடியவர் குரூம். ஷூலா வந்து சேர்ந்தபோது பிரையன்ட் இறந்தே போயிருந்தார்.

வேலை ஷூலாவுக்குப் போனது. நிறம் ஒரு காரணமே இல்லை என்றது பல்கலைக்கழகம். ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற குடியுரிமைத் தலைவர்கள் கேள்வி எழுப்பினார்கள். தன் வீரர்களுக்கு ஆண்டுதோறும் குரூமின் பெயரால் ஒரு விருது வழங்கும் பல்கலைக்கழகம் அது. விருதுக்குப் பெயர் பொருந்துகிறது, நாற்காலிக்குப் பொருந்தவில்லை.

மூளையும் உடம்பும்

முதுகலையில் சமூகவியல் படித்தபோது ஓர் ஆய்வு என்னை நிறுத்தி வைத்தது. ஜான் லோய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இருவர் 1970இல் வெளியிட்டது. அணிக்குள் கறுப்பினத்தவர் சேர்க்கப்பட்ட பிறகும், யார் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். குவார்ட்டர்பேக் போன்ற, முடிவெடுக்கும் மைய இடங்களில் வெள்ளையர். ஓட்டமும் வேகமும் தேவைப்படும் ஓர இடங்களில் கறுப்பினத்தவர். 'அவர்களுக்கு உடம்பு, நமக்கு மூளை' என்ற பழைய நம்பிக்கை அணிக்குள்ளும் கோடு போட்டிருந்தது. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் மைய இடங்களில் ஆடியவர்களிலிருந்தே உருவானதால், அந்தக் கோடு தலைமைவரை நீண்டது.

குரூம் ஆடியது மைய இடம். பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர் அவர்தான். அந்தக் கோட்டையும் அவர் தாண்டியிருந்தார். அப்படியும் போதவில்லை.

இடிந்த வீட்டின் சாவி

2003 டிசம்பர் 1 அன்று மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் குரூமை நியமித்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் அடங்கிய தென்கிழக்குக் கூட்டமைப்பு 1932இல் உருவானது. எழுபது ஆண்டுகள் கழித்து அதில் வந்த முதல் கறுப்பினத் தலைமைக் கால்பந்துப் பயிற்சியாளர் அவர். நாட்டின் உயர்நிலைப் பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் இருந்தன. குரூமையும் சேர்த்து அவற்றில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஐந்தே பேர்.

இந்த நியமனம் சிறிய செய்தி அல்ல. 1963இல் இதே மிசிசிப்பி ஸ்டேட்டின் கூடைப்பந்து அணி, கறுப்பின வீரர்கள் இருந்த சிகாகோ லயோலா அணியோடு மோத, தடை உத்தரவுக்கு அஞ்சி மாநிலத்தைவிட்டு ரகசியமாக வெளியேற வேண்டியிருந்தது.

ஆனால் என்ன வீட்டின் சாவியைக் கொடுத்தார்கள் என்றும் பார்க்கவேண்டும். முந்தைய மூன்று பருவங்களில் அந்த அணி வென்றது மொத்தம் 8 ஆட்டங்கள். பழைய விதிமீறல்களுக்கான தண்டனையும் 2004இல் அணியின் தலையில் இறங்கியது. நல்ல வீடு காலியாக இருந்தபோது நம்மைக் கூப்பிடமாட்டார்கள். கூரை சரிந்த வீட்டைத் தந்துவிட்டு, "வாய்ப்புக் கொடுத்தோம், நிமிர்த்திக் காட்டு" என்பார்கள்.

குரூம் ஓரளவு நிமிர்த்தவும் செய்தார். 2006 நவம்பரில் டஸ்கலூசாவுக்கே வந்து, ஷூலாவின் அலபாமாவை 24-16 என்று வென்றார். அதே மாதம் ஷூலா நீக்கப்பட்டார். 2007இல் மிசிசிப்பி ஸ்டேட் 8 ஆட்டங்களை வென்றது. கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது குரூமுக்கு வந்தது. அடுத்த ஆண்டு 4 வெற்றி, 8 தோல்வி. கடைசி ஆட்டத்தில் 45-0 தோல்வி. உடனே பதவி விலகினார். ஐந்தாண்டுக் கணக்கு 21 வெற்றி, 38 தோல்வி. நல்ல கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கல்லூரித் தலைமைப் பயிற்சியாளர் பதவி அவருக்கு மறுபடி கிடைக்கவே இல்லை.

ஒரே கணக்கு, இரண்டு தீர்ப்பு

குரூம் விலகிய சில நாட்களில், அலபாமா மாநிலத்தின் இன்னொரு பெரிய அணியான ஆபர்னில் நாற்காலி காலியானது. ரசிகர்கள் வாதத்தில் அடிபட்ட பெயர்களில் ஒன்று டர்னர் கில், கறுப்பினத்தவர். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அணியை 2006இல் எடுத்தவர். அவர் வருவதற்கு முந்தைய 7 பருவங்களில் அந்த அணி வென்றது 10 ஆட்டங்கள். 2008இல் அதே அணி தன் கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது.

இன்னொருவர் ஜீன் சிசிக், வெள்ளையர். ஆபர்னில் முன்பு தற்காப்பு ஆட்டத்தின் பொறுப்பாளராகச் சிறப்பாகப் பணியாற்றியவர். ஆனால் தலைமைப் பயிற்சியாளராக அயோவா ஸ்டேட் அணியில் இரண்டு பருவங்களில் அவர் கணக்கு 5 வெற்றி, 19 தோல்வி. இரண்டாம் பருவத்தில் முதல் 2 ஆட்டங்களை வென்று, அடுத்த 10 ஆட்டங்களையும் தோற்றார்.

ஆபர்ன் சிசிக்கை எடுத்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் விமான நிலையத்தில் இறங்கியபோது ஒரு ரசிகர் அந்த 5-19 கணக்கைச் சொல்லியே கூச்சலிட்டார். ஆபர்னின் முன்னாள் மாணவரும் கூடைப்பந்து நட்சத்திரமுமான சார்லஸ் பார்க்லி, கில்லை எடுத்திருக்க வேண்டும், நிறம்தான் காரணம் என்று வெளிப்படையாகப் பேசினார். பல்கலைக்கழகம் மறுத்தது.

இனி வருவதைத்தான் நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். சிசிக் 2010 பருவத்தில் 14 ஆட்டங்களையும் வென்று ஆபர்னுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். கில் 2010இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டு பருவங்களில் அவர் கணக்கு 5 வெற்றி, 19 தோல்வி. இரண்டாம் பருவத்தில் முதல் 2 ஆட்டங்களை வென்று, அடுத்த 10 ஆட்டங்களையும் தோற்றார். நீக்கப்பட்டார். அடுத்து அவருக்குக் கிடைத்தது கீழ்ப்பிரிவில் இருந்த லிபர்ட்டி பல்கலைக்கழகம்.

"பார்த்தீர்களா, ஆபர்ன் சரியாகத்தானே தேர்ந்தெடுத்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. தோழர்களே, இந்த இடத்தில் நாம் தடுமாறக்கூடாது. கில் ஆபர்னுக்குப் போயிருந்தால் பட்டம் வென்றிருப்பார் என்று நான் வாதிடவில்லை. இரண்டு கணக்கும் எண்ணுக்கு எண் ஒன்றுதான். ஒருவரின் 5-19ஐப் பார்த்தவர்கள், "அணி பலவீனம், ஆள் நல்லவர், எங்களுக்குத் தெரியும்" என்று பெரிய நாற்காலியைக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை பலித்தது. மற்றவரின் 5-19 அவருக்கு மேல்நிலைக் கதவை மூடியது. சிசிக்குக் கிடைத்தது வேலை மட்டுமல்ல. தோல்வியைத் தாண்டி அவரைப் பார்க்கத் தயாராக இருந்த மனிதர்களும் கிடைத்தார்கள்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலும் இதைப் பார்க்கலாம். அங்கே டைரோன் வில்லிங்ஹாம் என்ற கறுப்பினப் பயிற்சியாளர் 21 வெற்றி, 15 தோல்வியோடு மூன்றாம் ஆண்டிலேயே 2004இல் நீக்கப்பட்டார். அவருக்கு முன்னால் இருந்த வெள்ளையருக்கும், பின்னால் வந்த வெள்ளையருக்கும் ஐந்தாண்டுகள் கிடைத்தன.

விதிகள் ஓரளவு மாறின. தொழில்முறைக் கால்பந்தில் 2003 முதல், தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. ஓரிகன் மாநிலம் 2009இல் தன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அதைச் சட்டமாக்கியது. நேர்காணலுக்குக் கூப்பிடச் சட்டம் போடலாம். தோற்றவனை நம்பு என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

நம் ஊரில் பல்வங்கர் பாலூவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்து அணியின் மிகச்சிறந்த பந்துவீச்சாளர், சமார் சமூகத்தில் பிறந்தவர். ஆடக் கூப்பிட்டார்கள், தலைவராக்கவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல் தலைவரானார். ஒரு குடும்பம் அதற்காக ஒரு தலைமுறை முழுக்க வென்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

முதல் பட்டதாரியாக வகுப்பில் உட்காரும் தம்பி தங்கைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒரு பயம். ஒரு தாளில் தவறினால், தான் மட்டுமல்ல, தன் தெருவே தவறியதாகச் சொல்வார்களே என்ற பயம். அந்தப் பயம் அவர்களுடைய குறை அல்ல. பக்கத்து இருக்கை மாணவன் தவறினால், அது அவன் ஒருவனுடைய தவறாக மட்டும் இருக்கிறது. சமத்துவம் என்பது நாமும் வெல்லலாம் என்பதோடு முடிவதில்லை. நாமும் அவர்களைப்போலச் சாதாரணமாகத் தோற்று, மறுநாள் காலை அதே வாசலில் மரியாதையோடு நுழைய முடிய வேண்டும். அடுத்த முறை யாராவது உங்களிடம் தகுதி பற்றிப் பேசினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை தோல்விவரை உங்கள் ஆளுக்குத் தகுதி இருக்கிறது?