சக்கரத்துக்குள் கேட்கும் முனகல்

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அதனால் பட்டறையில் மிஸ்திரி "பேரிங் போயிடுச்சு சார்" என்று சொன்னால், என் மனதில் முதலில் எழும் சொல் 'ரூல்மான்' என்பதுதான். உருளுதல் என்று அதற்குப் பொருள். ஆங்கிலச் சொல் பாரம் தாங்குவதைப் பற்றிப் பேசுகிறது, பிரெஞ்சுச் சொல் உருளுவதைப் பற்றிப் பேசுகிறது. நம்மூர் சைக்கிள் கடைக்காரர்களோ இரண்டையும் விட்டுவிட்டு 'பால்ரஸ்' என்றார்கள். குண்டு ஓடும் பாதையைக் குறிக்கும் 'பால் ரேஸ்' என்ற ஆங்கிலம்தான் அப்படி மருவியது. மூன்று பேரும் சொல்வது ஒரே சாமானைத்தான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அதன் சரித்திரமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் மாட்டுவண்டியில் குண்டு கிடையாது. இரும்பு அச்சின் மேல் குடம் சறுக்கிச் சறுக்கித்தான் சுற்றும். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையைப் பூசாவிட்டால், கிறீச்சிடும் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். சக்கரம் கழன்று போகாமல் காப்பது கடையாணி. சறுக்குவதற்குப் பதில் உருளச் செய்தால் மாட்டின் கழுத்துக்கு எவ்வளவு மிச்சம் என்பதை மேலைநாட்டில் பலர் யோசித்திருக்கிறார்கள். 1794-இல் வேல்ஸ் நாட்டுக் கார்மார்த்தனைச் சேர்ந்த இரும்புத் தொழிலதிபர் பிலிப் வான், வண்டி அச்சில் குண்டுகள் ஓடும்படி ஒரு காப்புரிமை வாங்கினார். ஆனால் அது பெரிதாகப் பரவவில்லை.

பரவ வைத்தது சைக்கிள். 1869-இல் பாரிஸில் ழூல் சுரிரே என்ற சைக்கிள் மெக்கானிக் குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் நகர் வரை 123 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் நடந்தது. சுரிரேயின் குண்டுகள் போட்ட வண்டியில் வந்த ஜேம்ஸ் மூர் ஜெயித்தார். ஆள் ஆங்கிலேயர், வசித்தது பாரிஸில். ஏறக்குறைய பத்தரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார், அதுவும் காற்றடைத்த டயர் இல்லாத காலத்தில்! அதை நினைத்தாலே எனக்கு முழங்கால் வலிக்கிறது.

அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. குண்டுகளில் ஒன்று மட்டும் மயிரிழை பெரிதாக இருந்தால், பாரம் முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான் விழும். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் குண்டுகளைச் சரியான உருண்டையாகச் சாணை பிடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பிறகு அந்தச் சின்ன ஊரே பேரிங் ஊராகிவிட்டது. அந்தப் பெருமைக்கு அது கொடுத்த விலையும் பெரிது. பேரிங் இல்லாவிட்டால் ஹிட்லரின் விமானமும் ஓடாது, டாங்கியும் ஓடாது என்று கணக்குப் போட்ட அமெரிக்க விமானப்படை, 1943-இல் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அந்த ஊரின் மேல் குண்டு வீசியது. அக்டோபர் 14-ஆம் தேதி ஒரே நாளில் அமெரிக்கர்கள் இழந்தது 60 பெரிய விமானங்கள். அதில் போன உயிர்களும், கீழே ஊருக்குள் போன உயிர்களும், கைக்குள் அடங்கும் ஒரு எஃகு வளையத்துக்காக!

கார் சக்கரத்துக்கு வருவோம். கார் நேராகப் போகும்போது பாரம் மேலிருந்து கீழே இறங்கும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டிலும் நெட்டித் தள்ளும். சாதாரண உருண்டைக் குண்டுக்கு இந்தப் பக்கத் தள்ளல் ஓரளவுதான் தாங்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கென், ஜெர்மனியில் பிறந்தவர், 1898-இல் கூம்பு வடிவ உருளை பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். உருளைகள் சாய்வாக இருப்பதால் இரண்டு பாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். குதிரை வண்டிக்கு என்று பிறந்த அதுதான் பிறகு எண்ணற்ற கார்களின் முன்சக்கரத்தில் இரண்டிரண்டாக, முதுகைத் திருப்பிக்கொண்ட இரட்டையர் போல உட்கார்ந்தது. இதில் இன்னொரு வசதி, தேய்ந்தால் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். அதுவே ஆபத்தும்கூட. அதன் ஆயுள் திருகுகிறவர் கையில் இருக்கிறது.

1980-களில் எங்கள் தெருவில் ஒருவர் பழைய கார் ஒன்றை டாக்ஸியாக ஓட்டிவந்தார். விழுப்புரம் சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஒரு முனகல், வண்டு அடைத்த டப்பா மாதிரி. ஒரு பட்டறையில் டயர்தான் காரணம் என்றார்கள். கடன் வாங்கி இரண்டு டயர் மாற்றினார். முனகல் போகவில்லை. கல்யாண சவாரி, ஆஸ்பத்திரி சவாரி எல்லாம் அந்த முனகலோடுதான் போயின. கடைசியில் ஒரு வயதான மிஸ்திரியிடம் போனோம். அவர் முதலில் காரில் ஏறி உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். தார்ச்சாலையிலிருந்து கப்பிச்சாலைக்கு மாறியபோதும் முனகல் மாறவில்லை. டயர் சத்தமாக இருந்தால் சாலைக்குத் தகுந்தபடி மாறும். வலப்பக்கம் வளைத்தபோது முனகல் கூடியது, இடப்பக்கம் வளைத்தபோது அடங்கியது. வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடச் சக்கரத்தின் மேல் சாயும், ஆகவே சந்தேகம் இடப்பக்கத்தின் மேல்.

பிறகு ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினார். 'டக்' என்றது. பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் நின்றது. பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்காவிட்டால் கோளாறு கிங்பின்னிலோ பால் ஜாயின்டிலோ இருக்கும், பேரிங்கில் இருக்காது. இவ்வளவும் முடிந்த பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் மெல்ல வைத்தார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். மணலை அரைப்பதுபோல் ஓர் அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு ஏறியது. இப்போது என் காது மந்தம், சத்தம் கேட்டுக் கண்டுபிடிப்பது கடினம். விரலுக்கு இன்னும் தெரிகிறது.

அவிழ்ப்பது அதிக வேலையில்லை. கிரீஸ் மூடியை நெம்பி எடுத்தால் நடுவில் நட்டு, அதன் குறுக்கே கோட்டர் பின். நம் கடையாணியின் பேரன். அதை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றினால் வாஷரும் வெளிப் பேரிங்கும் கையில் வரும், பிறகு ஹப் முழுவதும். பின்புறம் ஆயில் சீல், அதற்குள் உள் பேரிங். ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளி வளையங்களைப் பித்தளைத் தண்டு வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச்சுற்றித் தட்டி எடுக்க வேண்டும். செலவு மிச்சம் என்று பழைய வளையத்தை உள்ளேயே விட்டு உருளையை மட்டும் மாற்றுகிறவர்கள் உண்டு. கூடாது. இரண்டும் ஜோடி. புதியதில் கிரீஸை மேலே தடவினால் போதாது, உள்ளங்கையில் வைத்து உருளைகளின் இடுக்கு வழியே மறுபுறம் பிதுங்கும் வரை திணிக்க வேண்டும். சீலும் கோட்டர் பின்னும் புதிதுதான் போட வேண்டும்.

நட்டு இறுக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, உருளைகள் படிந்ததும் தளர்த்தி, பிறகு விரலால் திருகும் அளவில் நிறுத்தி, பின் துளை சேரும் இடத்தில் பூட்ட வேண்டும். மிஞ்சும் ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. பலம் காட்டி இறுக்கினால் பேரிங் சூடாகி, கிரீஸ் உருகி, பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். ஆனால் இது கூம்பு உருளைக்குச் சொன்னது. மாரிஸ் மைனர் போன்ற சில ஆங்கிலக் கார்களின் முன்சக்கரத்தில் குண்டு பேரிங்கும் நடுவில் ஒரு இடைக்குழாயும் இருக்கும், அங்கே நட்டை முழுதாக இறுக்க வேண்டும். உங்கள் கார் எந்த ஜாதி என்று பார்த்துக்கொண்டு கை வையுங்கள்.

கழற்றிய பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். காற்றுக் குழாயைப் பிடித்துச் சுழற்றி விளையாடக்கூடாது, சிதறினால் கண் போய்விடும். செதில் உதிர்ந்திருந்தால் எஃகு களைத்துவிட்டது. நீலம் பாரித்திருந்தால் சூடேறியது. வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தால் பள்ளத்தில் இறங்கிய அடி. அந்தப் பள்ளத்துக்குப் பிரினெல் தழும்பு என்று பெயர். ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் உலோகத்தின் கடினத்தை அளக்க எஃகுக் குண்டை அழுத்திப் பார்க்கும் முறையை 1900 பாரிஸ் கண்காட்சியில் காட்டினார், அந்தப் பெயர்தான். 1930-களில் அமெரிக்காவில் ரயிலில் அனுப்பிய புதுக் கார்கள் ஒரு மைல்கூட ஓடாமலே இதே மாதிரித் தழும்போடு போய்ச் சேர்ந்தன. நின்ற சக்கரம் பல நாள் அதிர்ந்ததால் வந்தது அது.

இந்தியாவில் 1946-இல் ஜெய்ப்பூரில் என்.பி.சி. தொடங்கியது, 1960-களில் ஸ்வீடன், ஜெர்மன் கம்பெனிகளும் இங்கே தொழிற்சாலை வைத்தன. அந்த ஸ்வீடன் கம்பெனி எஸ்.கே.எஃப். தன் பேரிங்குக்கென்று 1915-இல் பதிவு செய்த பெயர்தான் பிறகு கார் பெயரான வோல்வோ. லத்தீனில் 'நான் உருள்கிறேன்' என்று அர்த்தம். இன்றைய கார்களில் பலவற்றில் ஹப்பும் பேரிங்கும் சீலும் ஒரே கட்டாக வருகின்றன. கிரீஸும் கிடையாது, திருகலும் கிடையாது. முனகினால் முழுசாகக் கழற்றி எறிய வேண்டியதுதான். எனக்கு அதில் வருத்தமில்லை, சாலையில் சக்கரம் கழன்ற கதைகள் அதனால் குறைந்திருக்கும். ஆனால் அந்த மிஸ்திரியின் கைக்கு அங்கே வேலை இல்லை.

எங்கள் தெரு டாக்ஸிக்காரர் இடப்பக்கம் இரண்டு பேரிங்கையும் மாற்றினார். செலவு, அதற்கு முன் வாங்கிய ஒரு டயரின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர் ஒன்று செய்வார். சக்கரம் அச்சு வரை தண்ணீரில் முங்கினால், அந்த வாரமே கிரீஸ் மூடியைத் திறந்து பார்ப்பார். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அதை வழித்தெறிந்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். கொட்டகையில் பழைய வண்டியை வைத்திருக்கும் அன்பர்கள், ஐப்பசி மழை நிற்கும்போது இதைச் செய்துவிடுங்கள்.