ஆழ்துளைப் புவி இயற்பியல் பதிவுகளும் சுரங்கப் பாறைத் தரமும்

நிலக்கரிக்காகத் துளையிட்ட கிணற்றுக்குள் அளவுக்கருவிகளை வடத்தில் இறக்கி, பாறையின் மின்தடை, காமாக் கதிர்வீச்சு, அடர்த்தி, ஒலிவேகம் ஆகியவற்றை ஆழவாரியாகப் பதிவுசெய்து, அவற்றிலிருந்து சுரங்கக் கூரையின் உறுதியை மதிப்பிடும் முறை.

இத்தகைய ஆழ்துளைப் பதிவின் தோற்றம் எண்ணெய்த் துறையில். 1927 செப்டம்பர் 5 அன்று பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள பெஷெல்ப்ரோனில், ஷ்லம்பெர்ஜே சகோதரர்களுக்காக ஆன்றி டால் முதல் மின்தடைப் பதிவை எடுத்தார். கருவியை ஓரிடத்தில் நிறுத்தி அளந்து, அடுத்த இடத்துக்கு இறக்கி மீண்டும் அளந்து, புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்த கோடு அது. காமா, அடர்த்தி, ஒலிப் பதிவுகள் பின்வந்த பத்தாண்டுகளில் சேர்ந்தன.

நிலக்கரியின் அடர்த்தி சூழ்ந்த பாறைகளைவிட மிகக் குறைவு. பதிவில் அதன் அடுக்கு தெளிவாகத் தெரியும். ஆகவே நெடுங்காலம் அடுக்கின் ஆழத்தையும் தடிமனையும் அறியவே பதிவுகள் பயன்பட்டன.

பாறை வலிமைக்கு அவை பயன்பட்ட வரலாற்றில் ஆஸ்திரேலியப் பணியே விரிவாகப் பதிவாகியுள்ளது. ஜி. எச். மெக்னாலி 1987இல் ஒலி, நியூட்ரான் பதிவுகளை ஆய்வகச் சோதனைகளோடு ஒப்பிட்டு வெளியிட்ட கட்டுரை அதில் முதன்மையானது. ஒலி விரைந்து கடக்கும் பாறை வலியது என்பதே அடிப்படை. குவின்ஸ்லாந்தின் போவன் படுகையில் பரவலாகக் கையாளப்பட்ட அவரது தொடர்பின்படி, ஒலிவேகம் நொடிக்கு 3 கிலோமீட்டரானால் அமுக்கு வலிமை ஏறக்குறைய 30 மெகாபாஸ்கல். 4 கிலோமீட்டரானால் 80ஐ நெருங்கும். துளையிலிருந்து எடுத்து ஆய்வகத்துக்குப் போகும் பாறை உள்ளகத் துண்டுகள் சிலவே; நொறுங்கும் பாறை பெரும்பாலும் சோதனை மேசை வரை வந்து சேர்வதே இல்லை. பதிவோ சில சென்டிமீட்டருக்கு ஓர் அளவு தருகிறது, வலுவற்ற அடுக்குகளையும் விடாமல். கூரை ஆபத்து பெரிதும் அந்த அடுக்குகளில்தான் ஒளிந்திருக்கிறது என்பதால் இந்தச் சிறப்பு சிறியதன்று.

ஒரே சூத்திரம் எல்லாப் படுகைகளுக்கும் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுரங்கந்தோறும் உள்ளகச் சோதனைகளால் திருத்தியே பயன்படுத்த வேண்டும் என்போர் பலர். ஒலிப் பதிவுக்கு வரம்புகளும் உண்டு: துளையில் நீர் வேண்டும். மெல்லிய வெடிப்புகள் அதில் தப்பக்கூடும். வெடிப்புகளைக் காண 1960களின் இறுதியில் அறிமுகமான ஒலிப் படக்கருவி உதவுகிறது.

கூரையின் தரத்தை எண்ணால் குறிக்கும் முறைகளும் வந்தன. அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் கூரைத் தரமதிப்பீடு 1994இல் வெளியானது. 2000க்குப் பின் ஆய்வாளர்கள் ஹேதர்லியும் மெட்ஹர்ஸ்ட்டும் பதிவுகளிலிருந்தே கணக்கிடும் தரக்குறியீட்டை ஆஸ்திரேலியாவில் உருவாக்கினர். இயந்திரக் கற்றல் முறைகளும் அண்மையில் முயலப்படுகின்றன.