கன்னியா: ஏழு கிணறும் ஒரு மாமூலும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆட்களுக்கு வெந்நீர் என்றால் அடுப்பில் காய்ந்ததுதான். பூமிக்குள்ளிருந்தே வெந்நீர் வருகிற இடத்தைக் கேட்டால், பத்ரிநாத் போய் வந்தவர்கள் தப்த குண்டத்தைச் சொல்வார்கள். இன்னும் சிலர் இமாசலத்து மணிகரனையோ பீகார் ராஜ்கிரையோ சொல்வார்கள். தமிழ் பேசும் மண்ணிலும் அப்படி ஓர் இடம் உண்டு. அதுதான் இலங்கையில் திருக்கோணமலைக்கு அருகே உள்ள கன்னியா. விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை சென்றபோது ஒரு முழு நாளை அங்கே கழித்தோம். காலையில் வெந்நீர்க் குளியல், மாலையில் கடைத்தெரு, ராத்திரி கொத்து ரொட்டி. அன்று பார்த்ததையும் முன்பு படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கன்னியா. சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. ஆழம் அதிகமில்லை, குனிந்தால் அடி தெரியும். உள்ளே இறங்கிக் குளிப்பதில்லை. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கிணற்றுச் சூடு அடுத்ததில் இல்லை. ஒன்று இதமாக இருக்கிறது, பக்கத்திலேயே இன்னொன்று கொஞ்சம் சுடுகிறது. என் பேத்தி ஏழிலும் கை விட்டுப் பார்த்து வரிசைப்படுத்தினாள். என் முழங்கால் வலிக்கு அன்று முழுவதும் நல்ல சுகம். மறுநாள் வலி திரும்பி வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இலங்கையில் எரிமலை கிடையாது. பிறகு எப்படிச் சூடு? மழைத் தண்ணீர் பழைய பாறைகளின் வெடிப்பு வழியாக வெகு ஆழம் இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். அந்த ஆழத்தில் காய்ந்த தண்ணீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. வரும் வழியில் மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் எவ்வளவு கலக்கிறதோ அதற்கேற்ப சூடு குறையும். அந்நாட்டில் மகா ஓயா, மகாபெலெஸ்ஸ ஆகிய இடங்களிலும் இப்படிப்பட்ட ஊற்றுகள் உண்டு. ஆங்கிலப் படையில் மருத்துவராக இலங்கை வந்த ஜான் டேவி, 1821-ல் வெளியிட்ட தம் நூலில் கன்னியா ஊற்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி இவர்.

ஊர் மக்கள் சொல்லும் காரணம் வேறு. இராவணன் தன் தாய்க்காகக் கோணேசர் மலையையே பெயர்க்கப் பார்த்தான். அங்கே பாறையிலுள்ள பெரிய பிளவை இன்றைக்கும் இராவணன் வெட்டு என்றுதான் சொல்கிறார்கள். அவனைத் தடுக்க விஷ்ணு முதியவர் வேடத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்றார். ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டுமே என்று தம் கோலால் ஏழு இடத்தில் ஊன்றினார். அந்த ஏழும் வெந்நீர் ஊற்றுகளாயின என்பது கதை. அதனால்தான் அப்பகுதிச் சைவர்கள் இறந்தவர்களுக்காக இங்கே வந்து கடன் செய்கிறார்கள். நம்மிடம் 16-ஆம் நாள் கருமாதி. அவர்களிடம் 31-ஆம் நாள் அந்தியேட்டி. ஆடி அமாவாசைக்கும் பெற்றோரை நினைத்து வருகிறவர்கள் உண்டு. நாம் உல்லாசமாகக் குளிக்கப் போகிற இடம் அவர்களுக்குத் தாய் தகப்பனுக்குத் தண்ணீர் இறைக்கிற இடம் என்பது போன பிறகுதான் மனதில் உறைக்கிறது.

திருக்கோணமலை நகரத்துக்கு வருவோம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரியில் சுஃப்ரேன் பெயரில் வீதி இருப்பது நம் பக்கத்தாருக்குத் தெரியும். அந்தக் கடற்படைத் தளபதி 1782 ஆகஸ்டில் திருக்கோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். அதே 1782-ல்தான் ஐதர் அலியின் படையும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து திண்டிவனத்துக்குப் பக்கத்துப் பெருமுக்கல் கோட்டையைப் பிடித்தன. நமது குன்றும் அந்தத் துறைமுகமும் ஒரே சண்டையின் இரண்டு முனைகள். இதற்கு நூறு வருஷம் முந்தியே, 1672-ல், தெ லா ஏ என்ற பிரெஞ்சுத் தளபதி திருக்கோணமலையில் கால் ஊன்றப் பார்த்தார். டச்சுக்காரர் விரட்டிவிட்டார்கள். அவர் மயிலாப்பூர்ச் சாந்தோமுக்கு வந்தார். அந்தத் தொடர்ச்சியில்தான் 1673, 1674-ல் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி அமைந்தது. திருக்கோணமலை அன்று அவர்கள் கையில் நிலைத்திருந்தால் புதுச்சேரி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஒரு வருஷத்துக்கு மேல் பிரெஞ்சுக்காரர், மறுபடி டச்சுக்காரர், 1795 முதல் மறுபடி ஆங்கிலேயர் என்று கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது. ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்து, அந்தக் கல்லைக் கோட்டைக்கு வைத்தார்கள். இப்போது அதே கோட்டை வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். உள்ளே புள்ளிமான்கள் மாடு போலச் சாதாரணமாகத் திரிகின்றன.

மாலையில் கடைத்தெரு. "வாங்கோ ஐயா, எங்கயிருந்து வாறீங்கள்?" என்று கடைக்காரர் கூப்பிட்ட தமிழே ஒரு தனி ருசி. நாம் பேக்கரி என்பதை அங்கே வெதுப்பகம் என்று பலகையில் எழுதுகிறார்கள். ஆனால் ரொட்டிக்குப் பாண் என்ற பெயர் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. பிரெஞ்சில் அதற்குச் சொல்லும் வார்த்தையும் அதற்கு உறவுதான். நாம் சொல்லும் சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவையே. நம் கைலி அங்கே சாரம். என் மனைவி பனங்கட்டியும் பனை ஓலைப் பெட்டியும் கருவாடும் வாங்கினாள். கருவாட்டை எத்தனை பொட்டலத்தில் சுற்றினாலும் பெட்டி முழுக்க மணத்ததைத் தடுக்க முடியவில்லை.

ராத்திரி கொத்து ரொட்டி. விழுப்புரம் பஸ் நிலையத்துப் பக்கம் கேட்கிற அதே தகடு தட்டும் சத்தம். நாம் பரோட்டாவைக் கொத்துகிறோம், அவர்கள் அதற்கென்றே மெல்லிய ரொட்டி போட்டுக் கொத்துகிறார்கள். காய்கறி, முட்டை, கறிக்குழம்பு எல்லாம் கல்லிலேயே கலக்கிறது. முடிவில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். சர்க்கரை வியாதிக்காரனான நான் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி, எழுத உட்கார்ந்த விஷயம். வெந்நீர் ஊற்று குளிக்கிறவரோடு நின்றுவிடுவதில்லை, அரசாங்கமும் பின்னால் வரும். பிரான்சில் விஷி என்ற வெந்நீர் ஊர் இருக்கிறது. குளிக்க வருகிறவர்களுக்காக அங்கே நிறைய ஹோட்டல் கட்டியிருந்தார்கள். 1940-ல் ஜெர்மனியிடம் தோற்ற பிரெஞ்சு அரசாங்கம் அந்த ஹோட்டல் அறைகளுக்காகவே அங்கே போய் உட்கார்ந்தது. அந்த அரசை ஏற்காமல் புதுச்சேரி கவர்னர் போன்வேன் அதே வருஷம் தெ கோல் பக்கம் சேர்ந்தார். எங்கோ இருக்கிற குளியல் ஊர் நம் பக்கத்துச் சரித்திரத்திலும் வந்துவிட்டது.

கன்னியாவிலும் இப்போது கேள்வி அதுதான். போருக்குப் பிறகு தொல்லியல் துறை அதைத் தன் பொறுப்பில் வைத்து, பழைய பௌத்த விகாரைச் சின்னங்கள் உள்ள இடம் என்கிறது. பிள்ளையார் கோயில் இருந்த மேடு எங்களுடையது என்கிறார்கள் தமிழர்கள். அந்த இடத்தில் விகாரை கட்டப் போகிறார்கள் என்று 2019-ல் போராட்டம் நடந்தது. அந்த ஜூலை மாதமே திருக்கோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது.

நான் ஆபீசில் கோப்பு பார்த்துப் பழகியவன். பட்டா வேறு, மாமூல் வேறு. களம், வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் பதிவேட்டில் புறம்போக்கு என்றுதான் இருக்கும். நிலம் சர்க்காருடையது. ஆனாலும் யாராவது பாதையை அடைத்தால், தலைமுறையாக அதில் நடந்தது யார் என்று ஊர்ப் பெரியவர்களை விசாரிக்காமல் முடிவு எழுத மாட்டார்கள். 1980-ல் கர்ணம் முறை போன பிறகும் அந்த விசாரணை போகவில்லை. கன்னியாவில் முதலில் கல் வைத்தது பௌத்தரா சைவரா என்பதை ஆய்வாளர்கள் சொல்லட்டும். இரண்டும் வெவ்வேறு காலத்தில் உண்மையாக இருக்கலாம். நம் செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றைக்கும் நடக்கிறது. சுற்றிச் சிவன் கோயிலும் அம்மன் கோயிலும் இருக்கின்றன. இந்த மண் முதலில் யாருக்கு என்று அதற்காக நாம் சண்டை போடவில்லை.

கோட்டையைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். ஏழு கிணற்றில் தாய்க்காகத் தண்ணீர் மொண்டவர்களின் மாமூல் எந்த ஆட்சியிலும் நின்றதாகத் தெரியவில்லை. பலகையில் எந்தப் பெயர் எழுதினாலும் அந்த மாமூலுக்கு இடம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இலங்கை போகிறவர்கள் அவசியம் கன்னியா போங்கள். காலையிலேயே போனால் கூட்டமிருக்காது. மாற்றுத் துணி எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தில் யாராவது ஈரத் துணியோடு கண் மூடி நின்றால், அவர்கள் முடிக்கும் வரை வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுக் காத்திருங்கள்.