மிச்சமான சாதத்தை மறுநாள் சாப்பிடலாமா? டெல்டா வீடுகளின் பழைய வழக்கமும், கவனிக்க வேண்டிய 2 மணி நேரமும்!

ராத்திரி எல்லாரும் சாப்பிட்டாச்சு. குக்கரில் நாலு கரண்டி சாதம் மிச்சம். "காலைல பாத்துக்கலாம்"னு மூடி வச்சிட்டுப் படுத்துடுவோம். விடிஞ்சதும் அதையே தாளிச்சு, லெமன் சாதமாக்கி, பிள்ளைங்க டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுப்போம். பல வீடுகளில் நடக்கிற விஷயம்தான். ஆனால் சிக்கலே இங்கதான் இருக்கு.

"தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் தலைமுறை தலைமுறையா பழைய சோறு சாப்பிடுறாங்களே, அது மட்டும் எப்படி?" என்று நீங்க கேட்கலாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பார்க்கலாம்.

கொட்ட மனசு வராதது ஏன்?

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீரை நம்பித்தான் டெல்டாவில் குறுவை. ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகமே அறுவடைக்கு வர சுமார் 110 நாள் ஆகும். ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தேவை. இதைப் பார்த்து வளர்ந்த வீடுகளில் சோற்றைக் கொட்ட மனசு வராது.

உலக அளவில் நிலைமை வேற. 2022-ல் மட்டும் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானதுதான்.

ஆறிய சாதத்தில் என்ன நடக்குது?

அரிசியிலேயே 'பேசில்லஸ் செரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சாதம் வடிக்கிற சூட்டிலும் இவை சாகாது. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே இருந்தால், வித்து முளைத்து, பெருகி, நச்சை உண்டாக்கும்.

இதில் வாந்தியை உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. "நல்லா கொதிக்க வச்சுட்டேனே" என்பது இங்கே உதவாது. வாசனையிலும் ருசியிலும் கண்டுபிடிக்க முடியாது. பொதுவாக, சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரலாம். வயிற்றுப்போக்கு வகை என்றால் 6 முதல் 15 மணி நேரம் ஆகலாம்.

அதனால்தான் 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தை ஆபத்து மண்டலம் என்கிறார்கள். சமைத்த சாப்பாடு இந்த வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே, மிச்சத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியது ராத்திரியே. காலையில் இல்லை.

பழைய சோறு மட்டும் எப்படி?

சாதத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, தண்ணீரைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பு, கெட்ட கிருமிகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். சும்மா மூடி வைத்த சாதத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆனால் புளிப்பு ஏற நேரம் பிடிக்கும். அதனால் சாதம் ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றணும். பாத்திரம் சுத்தமாக இருக்கணும், காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் நல்லது. சோறு முழுக்க மூழ்கணும். புழுங்கல் அரிசி சாதம் குழையாமல் நிற்கும். மண்பானை குளிர்ச்சியாக வைத்திருக்கும். காலையிலேயே சாப்பிட்டு முடிச்சிடுங்க. மோர், சின்ன வெங்காயம், வறுத்த தஞ்சாவூர் குடமிளகாய் மோர் மிளகாய் இருந்தால் வேறென்ன வேணும்?

வழவழப்பு, நூல் பிடிப்பது, அழுகல் வாடை இருந்தால் யோசிக்காமல் கொட்டிடுங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அப்போது வடித்த சாதமே பாதுகாப்பு.

மிச்ச சாதத்துக்கு வேற 2 வழிகள்

1. ஃப்ரிட்ஜ்: சாதத்தை அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஒரு மணி நேரத்துக்குள் மூடிய டப்பாவில் வைத்து உள்ளே வைங்க. 24 மணி நேரத்துக்குள் எடுத்து, ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடு பண்ணுங்க. லெமன் சாதம், தக்காளி சாதம், முட்டை சாதம் எல்லாத்துக்கும் இது உதிரியாக வரும்.

2. சோற்று வடகம்: காலையில் பழைய சோற்றை ஒட்ட வடித்து, பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்து அரைச்சுக்கோங்க. சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்தோ முறுக்கு அச்சில் பிழிந்தோ, உடைத்தால் 'சடக்'கென்று உடையும் வரை காய விடணும். ஈரம் போனால் கிருமி வளராது. பங்குனி, சித்திரை வெயில்தான் இதுக்குச் சரி. மேகமூட்டமான நாளில் ஆரம்பிக்காதீங்க.

புளியோதரை கெடாதே?

ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் சித்திரான்னங்களில் புளியோதரை முக்கியம். புளி, எண்ணெய், உப்பு சேர்வதால் மற்ற சாதங்களைவிட நேரம் தாங்கும். ஆனால் அது அப்போது வடித்த சாதத்தில் கிளறியது. ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சாதத்தில் புளிக்காய்ச்சலைக் கலந்தால், ஏற்கெனவே உண்டான நச்சு போகாது.

குழம்பு, இட்லி, மாவு?

* சுண்டைக்காய் வத்தக்குழம்பில் பருப்பு, தேங்காய் இல்லாததால் கூடுதலாகத் தாங்கும். சாம்பாரும் தேங்காய் அரைத்த கூட்டும் தாங்காது. ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடிச்சிடணும்.
* மிஞ்சின இட்லியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து உதிர்த்தால் உப்புமா கட்டியில்லாமல் வரும்.
* புளித்த மாவில் கொஞ்சம் ரவை, வெங்காயம் சேர்த்தால் ஊத்தப்பம், குழிப்பணியாரம்.
* தேங்காய் சட்னி மிஞ்சினால் மறுநாளைக்கு வெளியே வைக்காதீங்க.

மிச்சமே வராமல் இருக்க?

ஒரு டம்ளர் அரிசி, வடித்தால் சுமார் 3 டம்ளர் சாதம் ஆகும். ஒரு வாரம் எவ்வளவு மிஞ்சுதுன்னு கவனிச்சா, தினம் எவ்வளவு குறைக்கலாம்னு தெரிஞ்சிடும்.

இன்னிக்கு ராத்திரியும் சாதம் மிஞ்சினால், படுக்கும் முன் தண்ணீர் ஊத்துங்க, இல்லன்னா ஃப்ரிட்ஜில் வைங்க. இரண்டும் செய்யாமல் வெளியே விட்ட சாதத்தை பிள்ளைங்க டிபன் பாக்ஸில் மட்டும் வைக்காதீங்க.