மன்னாவின் அளவு: விவிலிய மரபில் உணவும் சோதனையும்

விவிலியத்தில் பசி வரும் இடங்களையெல்லாம் ஒரே வரிசையில் வாசித்துப் பழகிவிட்டோம். முதலில் கஷ்டத்தால் விசுவாசம் சோதிக்கப்படும். தாங்கி நின்றவருக்குப் பின்பு உணவு கிடைக்கும். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் இந்த வரிசை அங்கே இல்லை. பசித்தவர்கள் முறையிடுகிறார்கள், உணவு வருகிறது, சோதனை அதன் பிறகே தொடங்குகிறது. அந்த உணவான மன்னாவைப் பற்றிய மரபு இந்தப் புள்ளியிலிருந்து எப்படி விலகியது, எங்கே அதற்குத் திரும்பி வந்தது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எகிப்தை விட்டு வந்த இரண்டாம் மாதம் 15ஆம் நாள், ஏலிமுக்கும் சீனாய்க்கும் நடுவிலுள்ள சீன் வனாந்தரத்தில் ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். அந்த முறுமுறுப்புக்கு இந்த அதிகாரத்தில் தண்டனையே இல்லை. மாலையில் காடைகள் வருகின்றன, காலையில் பனி நீங்கியதும் மன்னா கிடக்கிறது. தலைக்கு ஓர் ஓமர், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2 லிட்டர். நிறைய வாரியவரும் கொஞ்சம் வாரியவரும் அளந்து பார்த்தபோது அவரவருக்குத் தேவையானதே இருந்தது. மறுநாளைக்கு என்று வைத்துக்கொண்டது புழுத்து நாறியது. ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்தது. ஓய்வுநாளில் பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 4ஆம் வசனம் சோதனை என்று குறிப்பது இந்த அன்றாட ஒழுங்கைத்தான். உணவு கையில் இருக்கும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அங்கே கேள்வி.

இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பார்வோனுக்காகப் பித்தோம், ராமசேஸ் என்னும் பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டியவர்கள் இவர்கள். சேர்த்துவைப்பதே அதிகாரம் என்றிருந்த நாட்டில் அடிமைகளாக இருந்துவிட்டு, சேர்த்துவைக்க முடியாத உணவை முதன்முதலாக உண்கிறார்கள். அளவு பற்றிய கட்டளையின் முழுக் கனமும் இந்தப் பின்னணியில்தான் தெரிகிறது என்பது என் கருத்து.

(மன்னா இயற்கையில் எதுவாக இருந்திருக்கும் என்ற தேடலும் நீண்டது. 1927இல் சீனாய்க்குச் சென்ற ஆய்வாளர்கள் போடன்ஹைமரும் தியோடரும் அங்குள்ள தாமரிஸ்க் மரங்களில் செதில் பூச்சிகள் சுரக்கும் இனிப்புத் துளிகளை ஆராய்ந்தார்கள். ஆனால் அந்தச் சுரப்பு ஓய்வுநாளை அறியாது. கதை வற்புறுத்துவதோ அந்த ஒழுங்கைத்தான்.)

இந்த அதிகாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகள் பின்னிக் கிடக்கின்றன என்பது ஆய்வாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எந்த இழை முந்தியது என்பதில் அவர்கள் ஒன்றுபடவில்லை. ஆகவே நான் சொல்லும் மாற்றத்தை நேர்கோட்டு வளர்ச்சியாகக் கொள்ளக் கூடாது.

எண்ணாகமம் 11இல் அதே மன்னா சலிப்பூட்டும் உணவாகிவிடுகிறது. எகிப்தின் மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் நினைவுக்கு வருகின்றன. இம்முறை காடையோடு வாதையும் வருகிறது. 78ஆம் சங்கீதம் இன்னொரு படி போய், சோதித்தது யார் என்பதையே திருப்பிப் போடுகிறது: அங்கே ஜனங்கள்தான் உணவு கேட்டுத் தேவனைச் சோதிக்கிறார்கள்.

பெரிய திருப்பம் உபாகமம் 8இல் நிகழ்கிறது. நாற்பது ஆண்டு அலைச்சலைத் திரும்பிப் பார்க்கும் அந்த அதிகாரம், பசியையே தேவன் வரவிட்டதாகவும், இருதயத்தை அறியவே அது வந்ததாகவும் சொல்கிறது. பசிக்குப் பொருள் கிடைத்தது இங்கேதான். பிற்காலத்தில் எத்தனையோ பேருக்கு இது ஆறுதல் தந்திருக்கிறது. பசித்தவரைப் பார்த்து ‘பொறுத்துக்கொள், இது உனக்குச் சோதனை’ என்று வயிறு நிறைந்தவர் சொல்வதற்கும் இதுவே இடம் தந்தது. அப்படிச் சொல்பவர்கள் அதே அதிகாரத்தின் பிற்பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நல்ல வீடு, பெருகிய மந்தை, வெள்ளி, பொன் ஆகியவை வந்தபின் மறந்துவிடாதே என்ற எச்சரிக்கை அங்கே நீண்டு ஒலிக்கிறது. உபாகமம் அஞ்சும் ஆபத்து பசியைவிட நிறைவில்தான் அதிகம்.

கிரேக்கம் பேசிய யூதர்களிடம் மன்னா மெல்ல உணவுத்தன்மையை இழந்தது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சாலமோனின் ஞானம் அதை உண்பவர் விரும்பும் சுவைக்கெல்லாம் மாறும் வானதூதர் உணவாக்கியது. அலெக்சாந்திரியாவின் பிலோ அதில் தெய்வீக வார்த்தையைக் கண்டார். யோவான் சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரம் இதே போக்கின் உச்சம்.

பவுல் வேறு வழியில் போனார். கி.பி. 50களின் நடுவில், எருசலேமின் ஏழைகளுக்காக நிதி திரட்டியபோது கொரிந்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் ஓமர் அளவு பற்றிய அதே வசனத்தை எடுத்துக்காட்டுகிறார். வனாந்தரத்தில் அளவு அதிசயமாகச் சமமானது. கொரிந்தில் அது மனிதர் கையால் சமமாக வேண்டும், ஒருவருடைய மிகுதி மற்றவருடைய குறைவை நிரப்ப வேண்டும் என்கிறார். மக்கெதோனியாவின் வறிய சபைகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன. இனி கொரிந்தியருடைய அன்பின் உண்மைதான் தெரியவேண்டும். வசதியுள்ளவரிடமே சோதனை திரும்பி வந்துவிட்டது. மன்னா மரபின் முழு வரலாற்றிலும் யாத்திராகமத்துக்கு இவ்வளவு நெருங்கிய வாசிப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ரபிகள் வறியவர் பக்கத்திலிருந்து கேட்டார்கள். மன்னா ஏன் ஆண்டுக்கு ஒருமுறை பெய்யவில்லை என்று சீடர்கள் வினவ, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிமியோன் பென் யோகாய், நாலைந்து பிள்ளைகளைப் பெற்றவரின் கவலையைச் சொல்கிறார்: நாளைக்கு விழாவிட்டால் எல்லோரும் பட்டினியாயிற்றே என்று அஞ்சி அவர் தினமும் வானத்தை நோக்குவாராம். பாபிலோனியத் தல்மூதில் யோமா என்னும் பகுதி இதைப் பதிவுசெய்கிறது. பாவநிவிர்த்தி நாளின் உபவாசத்தை விளக்கும் பகுதி அது. அங்கேயே இன்னொரு விவாதமும் உண்டு: மன்னாவை உண்டவர்களை வேதம் ஏன் சிறுமைப்பட்டவர்கள் என்கிறது? கூடையில் அப்பம் வைத்திருப்பவரும் வைத்திராதவரும் ஒன்றல்ல என்று ஒரு ரபி விடை தருகிறார். அன்றைய வயிறு நிறைந்த பிறகும் நாளைக்கு ஏதுமில்லாதவரின் நிலையை அவர் வருத்தம் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார்.